யாரை வெட்டலாம்? ஆட்ட விதியும் உரை மரபும்



பத்தாம் ஆண்டு விழாவில் தாயக்கட்டத்தைப் பற்றி ஓர் உரை என்பதை அழைப்பிதழில் கண்டு சிலர் புன்னகைத்திருப்பீர்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் உறக்கத்தை விரட்ட ஆடும் ஆட்டத்துக்கும் இலக்கியத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். விதி சொற்களால் ஆனது. சொற்களுக்குப் பொருள் காண்பது நம் வேலை. அந்த உறவு எனக்குப் போதும்.

ஆடிப் பழகாத இளைஞர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். நாற்பக்கம் கொண்ட நீண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை. ஏனைய மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். எதிரியின் காய் நிற்கும் கட்டத்துக்கு நம் காய் வந்து சேர்ந்தால் அது வெட்டு. வெட்டுண்ட காய் மறுபடியும் முதலிலிருந்து புறப்பட வேண்டும். குறுக்குக் கோடிட்ட கட்டத்துக்கு மலை என்று பெயர். மலையில் நிற்பதை வெட்டலாகாது. ஒரு வெட்டேனும் வெட்டாதவர் உள்கட்டத்தில் நுழைய முடியாது. எல்லாக் காய்களும் பழமானால் வெற்றி.

இவ்வளவுதான் விதி என்று தோன்றும். ஆடத் தொடங்கினால்தான் அதன் இடைவெளிகள் தெரியும். ஒருவருடைய காய்கள் இரண்டு ஒரே கட்டத்தில் நின்றால் என்ன செய்வது? சில வீடுகளில் ஒற்றைக் காய் இரண்டையும் வெட்டும். சில வீடுகளில் இரட்டையை இரட்டைதான் வெட்டலாம். நால்வர் எதிரெதிரே கூட்டுச் சேர்ந்து ஆடும்போது, கூட்டாளி வெட்டிய வெட்டு எனக்கும் உள்ளே செல்லும் உரிமையைத் தருமா? வெட்ட வாய்ப்பிருந்தும் வெட்டாமல் வேறு காயை நகர்த்தலாமா?

இவை விதி பேசாத இடங்கள். விதி பேசியும் சொல் தெளிவில்லாத இடங்கள் வேறு. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். அடுத்த புள்ளியில் உள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அப்பாலுள்ள வெற்றிடத்தில் புலி இறங்கினால் ஆடு போயிற்று. நேர்கோடு என்பது எது? கோடுகள் எல்லாம் கூடும் உச்சியில் ஓர் ஆடு நிற்கிறது. ஒரு கோட்டில் ஏறி அதைத் தாண்டி மறு கோட்டில் இறங்குவது நேரா, வளைவா? புலியை ஆடுபவர் நேர் என்பார். ஆட்டை ஆடுபவர் வளைவு என்பார். இருவரும் ஒரே விதியைத்தான் சொல்கிறார்கள்.

அச்சிட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று நினைப்போருக்கு ஒரு வெளிநாட்டுச் செய்தி. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டம் உண்டு. மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகிப் பேசி ஆடுவது. ஒருவர் மட்டும் கதைசொல்லியாகவும் நடுவராகவும் இருப்பார். அதன் விதிகள் பருமனான நூல்களாக அச்சில் உள்ளன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஒரு மந்திரம், நெருப்பை ‘உயிர் மீதோ பொருள் மீதோ’ எறியலாம் என்கிறது. மற்றொரு மந்திரத்தின் ஒளிக்கற்றையோ ‘ஓர் உயிரை’ நோக்கிப் பாயும் என்று மட்டும் சொல்கிறது. அப்படியானால் இரண்டாவதால் ஒரு கதவைத் தகர்க்க முடியாதா? எழுத்தின்படி முடியாது. அந்த உலகில் பேழை வடிவெடுத்து ஏமாற்றும் பூதம் ஒன்றும் உண்டு. எழுத்தையே பிடித்துக்கொண்டால், பேழையைக் கண்டதும் மந்திரத்தை ஏவிப் பார்க்கலாம். பாய்ந்தால் பூதம், பாயாவிட்டால் வெறும் பேழை! நூலாசிரியர் கனவிலும் கருதாத பொருள் இது. நடுவர்தாம் வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அச்சு ஏறியதால் வழக்கு ஓயவில்லை.

அந்த நடுவரை நாம் உரையாசிரியர் என்போம். தொல்காப்பிய மரபியல் நூலுக்குரிய உத்திகள் முப்பத்திரண்டைத் தொகுத்துச் சொல்கிறது. சொன்னதோடு பொருந்தும்படி சொல்லாததை இட்டு நிரப்புவது அவற்றுள் ஒன்று. ஒரு தொடர் பல பொருளுக்கு இடம் தந்தால் நல்லதைக் கொள்வது மற்றொன்று. எது நல்லது என்பதைத்தான் ஒவ்வோர் உரைகாரரும் தாமே தேட வேண்டியிருந்தது.

போரில் யாரைத் தாக்கலாம் என்னும் வினாவிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. தழிஞ்சி என்னும் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். புறப்பொருள் வெண்பாமாலையில் ஐயனாரிதனார், புறங்காட்டி ஓடுவோர்மேல் படை ஓச்சாமை அது என்றார். தொல்காப்பியத்துக்கு உரை கண்டோரோ, புண்பட்ட தன் வீரரை மன்னன் தழுவிப் பேணுதல் என்று கொண்டனர். ஒன்று எதிரியை விட்டுவைப்பது. மற்றொன்று தன்னவரை அணைப்பது. ஒரே சொல்!

இதனினும் நுட்பமானது ஆநிரை பற்றியது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று ஒன்பதாம் பாட்டு, அம்பு விடுமுன் விடுக்கும் அறிவிப்பைச் சொல்கிறது. ஆக்கள், பார்ப்பனர், பெண்டிர், பிணியுடையோர், இறந்தோர்க்குக் கடன் செய்யப் புதல்வரைப் பெறாதோர் ஆகியோர் தத்தம் காப்பிடம் சேர்க என்பது அதன் கருத்து. மற்றவர்கள் கேட்டு விலகுவார்கள். ஆவுக்கு இது விளங்குமா? நச்சினார்க்கினியர் இந்த இடைவெளியைக் கண்டார். அறிவிப்பை உணர மாட்டாத ஆக்களைக் களவிற் கொண்டுவந்தேனும் காப்பதே வெட்சி என்று அவர் விளக்கினார். கொள்ளைக்கு அறச்சாயம் பூசுகிறார் என்று இதைக் குறை கூறலாம். எனக்கும் அந்த ஐயம் அடியோடு போய்விடவில்லை. ஆயினும் அவர் விதியின் எழுத்தோடு நின்றுவிடவில்லை. விதி யாருக்காக ஏற்பட்டது என்று கேட்டார். தாக்குமுன் அறிவிப்பு வேண்டும் என்பது விதி. அறிவிப்புச் சென்று சேராதவரை அந்த விதி எப்படிக் காக்கும் என்பது அவர் வினா.

தாயக்கட்டத்திலும் இதுவே உயிர் என்று கருதுகிறேன். இரட்டையை வெட்டலாமா கூடாதா என்பதில் எந்த வீட்டு வழக்கமும் தாழ்ந்ததன்று. ஆனால் முதல் தாயம் விழுமுன் அதைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். காய் வெட்டுப்படும் நேரத்தில் “எங்கள் வீட்டில் இப்படித்தான்” என்று புதிய விதியை எடுத்து நீட்டுவது, அறிவிக்காமல் அம்பு விடுவதே ஆகும்.

சென்னையில் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இது வந்து குடியேறியவர்களின் ஊர். தஞ்சாவூர், திருநெல்வேலி, கோயம்புத்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த மருமகள்கள் தங்கள் ஆட்டத்தையும் கொண்டுவந்தார்கள். தியாகராய நகரில் ஒரே கூடத்தில் மாமியார் விதியும் மருமகள் விதியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். ஆடுமுன் நடக்கும் அந்தப் பேச்சுவார்த்தையில் எத்தனையோ தீர்ந்திருக்கும்.

அந்தப் பேச்சு இப்போது குறைந்து வருகிறது. சென்னையில் 2002இல் தொடங்கப்பெற்ற கிரீடா நிறுவனம் நம் ஆட்டங்களை அழகிய பெட்டிகளில், விதித்தாளோடு வெளியிட்டது. அதனால் மறந்துபோன ஆட்டங்கள் பல பிள்ளைகளின் கைக்கு மீண்டும் வந்தன. இது நன்றிக்குரிய பணி. மயிலாப்பூர்த் திருவிழாவில் தாயக்கட்டத்துக்குப் போட்டியும் நடத்தியிருக்கிறார்கள். போட்டி என்றால் ஒரே விதி இருந்தே ஆக வேண்டும், அதில் பிழையில்லை. ஆனால் பெட்டியிலுள்ள தாளே விதி, பாட்டி சொல்வது தவறு என்று ஒரு பேரன் சொல்லும் நாள் வந்தால், பாட்டி வாயை மூடிக்கொள்வாள். அவள் அறிந்த விதி அவளோடு போய்விடும்.

டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தவர். ஏடுகள் வேறுபட்ட இடங்களில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எறிந்துவிடும் வழக்கம் அவரிடம் இல்லை. பாடபேதங்களைக் குறித்து வைத்தார். அவர் தொகுத்த ஏடுகள் அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில், அவர் பெயரிலமைந்த நூலகத்தில் இருக்கின்றன. ஆட்டத்துக்கும் அவ்வாறே பாடபேதம் எழுதி வைக்க வேண்டும்.

நம் வட்டம் பதினோராம் ஆண்டில் இதைச் செய்யலாம் என்று முன்மொழிகிறேன். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளிலும் உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். எழுபது வயது கடந்த பெண்மணிகளைத் தேடிச் செல்லுங்கள். கையில் கட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். வாயால் கேட்டால் அவர்களுக்கு நினைவு வராது, ஆடினால்தான் வரும். பிறந்த ஊரையும் புகுந்த ஊரையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இரட்டை, கூட்டாளி, வெட்டாமல் விடும் உரிமை ஆகிய மூன்றையும் ஆட்டத்தில் அந்த இடம் வரும்போது மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். நம் இலக்கணத்துக்கு அதைத் திருத்த வேண்டாம்.