கையொப்பமிட மறுத்த வழக்கறிஞர்



சட்டம் கற்றோர் அரசியலில் இறங்கும்போது அவர்கள்முன் எழும் வினா ஒன்றுண்டு. குறைபாடுள்ள ஏற்பாட்டை எப்பொழுது ஏற்பது, எப்பொழுது மறுப்பது? இதற்கு விடை காண விழையும் நாம், அமெரிக்க வழக்கறிஞர் தாடியஸ் ஸ்டீவன்ஸின் வாழ்க்கையை ஆராய்தல் நன்று.

1792 இல் வெர்மண்ட் மாநிலத்தில், ஊனமுற்ற பாதத்துடன் பிறந்தவர் அவர். பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பேர்க் நகரில் வழக்கறிஞரானார். 1821 இல், விடுதலை கோரிய ஓர் அடிமைப் பெண்ணுக்கெதிராக எசமான் பக்கம் நின்று வாதாடி வென்றார். பின்னாளில் அவரே, தப்பி வந்த அடிமைகளின் காவலராக விளங்கினார். 1833 இல் மாநிலச் சட்டசபைக்குத் தெரிவாகி, 1835 இல் இலவசக் கல்விச் சட்டம் நீக்கப்படாவண்ணம் தம் நாவன்மையால் காத்தார்.

1837 இல் மாநில அரசியலமைப்பைத் திருத்த ஒரு மாநாடு கூடியது. முன்னைய அமைப்பு வாக்காளரின் நிறத்தைக் குறிப்பிடவில்லை. 1838 இல் முடிவான புதிய அமைப்போ வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டுமே வரையறுத்தது. மாநாட்டின் உறுப்பினராகிய ஸ்டீவன்ஸ் அதிற் கையொப்பமிட மறுத்தார்.

1866 இல், உள்நாட்டுப் போரின் பின், பதினான்காவது திருத்தம் காங்கிரசின் முன் வந்தது. நாட்டிற் பிறந்த அனைவர்க்கும் குடியுரிமையும் சட்டத்தின் சமபாதுகாப்பும் அளித்த அத்திருத்தம், கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையை உறுதி செய்யவில்லை. அதன் குறையைப் பிரதிநிதிகள் சபையில் வெளிப்படையாகவே எடுத்துரைத்த ஸ்டீவன்ஸ், தாம் வாழ்வது தேவர்களிடையே அன்று, மனிதரிடையே என்று கூறி அதனை ஆதரித்தார்.

இது முரண்பாடா? அன்று. முதலாவது, சட்டத்தில் திறந்திருந்த வாயிலை அடைத்தது. இரண்டாவது, பாதி வழி கொடுத்தது. மீதியைக் கேட்கும் உரிமையைப் பறிக்கவில்லை. உரிமையைப் பறிக்கும் ஏட்டில் நம் கையொப்பம் இருத்தலாகாது. உரிமையின் ஒரு பகுதியைத் தரும் ஏட்டை ஏற்கலாம். ஆயின் அதுவே முழுமை என ஒப்புதலாகாது.

ஸ்டீவன்ஸும் அவ்வாறு ஒப்பவில்லை. 1867 இல், கிளர்ச்சி செய்த பெருநிலக்காரரின் நிலத்தைப் பறித்து, விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வீதம் வழங்கும் மசோதாவைக் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை. 1868 ஆகஸ்டில் அவர் மறைந்தார். நிறபேதத்தால் வாக்குரிமை மறுத்தலைத் தடுக்கும் பதினைந்தாவது திருத்தம் 1870 இல் நிறைவேறியபோது அதைக் காண அவர் இல்லை.

நிறபேதம் பாராட்டாத ஓர் இடுகாட்டையே அவர் தமக்குத் தெரிந்தெடுத்தார். சமத்துவமற்ற ஏட்டிற் கையொப்பமிட மறுத்தவர், சமத்துவமற்ற மண்ணில் உறங்கவும் மறுத்தார்.