மதில் நின்ற தெரு



வடசென்னையில் பழைய ஜெயில் ரோடு என்றொரு தெரு உண்டு. கடலை நோக்கிச் செல்லும் அத்தெரு, கிழக்கே இப்ராகிம் சாகிப் தெரு என்னும் பெயரோடு தொடர்ந்து இராயபுரத்தின் தென் எல்லையை அடைகிறது. சரக்கு வண்டிகளின் நெருக்கத்திடையே நடப்பவருக்கு அங்கே காணத்தக்கது எதுவும் இருப்பதாகத் தோன்றாது. ஆயினும் அத்தெருவின் ஓரத்திலே இரு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட நகர மதிலின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. அம்மதிலின் கதையையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

மதில் எதற்காக எழுந்தது? அச்சத்தினால் எழுந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அதன் பின்னர்க் கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் இடித்து அகற்றப்பட்டது. இன்று உயர்நீதிமன்றம் நிற்கும் இடம் அதுவே. மக்கள் வடக்கே முத்தியாலுப்பேட்டையிலும் பெத்தநாயக்கன்பேட்டையிலும் குடியேறினர். ஆனால், அப்புதிய நகருக்குக் காவல் இல்லை. 1758-இன் இறுதியில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி முற்றுகையிட வந்தபோது, அவருடைய வீரர்கள் தடையின்றி நகருள் புகுந்து கொள்ளையிட்டனர். 1767-இல் மைசூர்க் குதிரைப்படை சுற்றுப்புறங்களைச் சூறையாடியது. 1769-இல் ஹைதர் அலியே சென்னையை நெருங்கி வந்து, ஆங்கிலேயரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார்.

அதன் பின்னரே கும்பினியார் விழித்துக்கொண்டனர். பால் பென்பீல்டு என்பவரிடம் மதில் கட்டும் பணி ஒப்படைக்கப்பட்டது. கிழக்கே கடல், தெற்கே கோட்டை. ஆகவே வடக்கிலும் மேற்கிலும் மட்டும் மதில் எழுந்தது. வடகிழக்கு மூலையில் இருந்த பீரங்கிமேடு ‘கிளைவ் பேட்டரி’ என்று இன்றும் பெயரளவில் வாழ்கிறது. மதிலில் பல வாயில்கள் இருந்தன. வாயிலைக் ‘கவுனி’ என்பது அந்நாளைய வழக்கு. யானைக்கவுனி என்று நாம் சொல்லும் இடம் அவற்றுள் ஒன்று.

மதிலுக்கான செலவை நகர மக்களிடமே வரியாகப் பெற எண்ணினர். ஆனால், அவ்வரி வசூலிக்கப்படவே இல்லை என்பர். எனினும் மேற்கு மதிலை ஒட்டிய சாலைக்கு ‘வால்டாக்ஸ்’, அதாவது மதில்வரி, என்னும் பெயர் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் வ.உ.சி. சாலை எனப் பெயர் மாற்றப்பட்டும் பழைய பெயர் மக்கள் நாவை விட்டு அகலவில்லை. மதில் மறைந்தது, வாராத வரியின் பெயர் மறையவில்லை!

இனி, மதிலுக்கு வெளியே இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். கும்பினியின் செல்வம் துணி வாணிகத்தால் வந்தது. துணி நெய்தவர்களுக்காகக் காலட் என்னும் ஆளுநர் அமைத்த காலடிப்பேட்டை, வடக்கே திருவொற்றியூர் வழியில் இருந்தது. துணியை வெளுத்தவர்களின் பெயரைத் தாங்கும் வண்ணாரப்பேட்டை மதிலுக்கு அப்பால் இருந்தது. துறைமுகம் இல்லாத அக்காலத்தில், அலைகளை எதிர்த்துச் சரக்குகளைக் கப்பலுக்குக் கொண்டுசென்ற படகோட்டிகளின் குடியிருப்பும் மதிலுக்கு அப்பால், இராயபுரத்திலேதான் வளர்ந்தது. பொருளைக் காத்தது மதில். அப்பொருளை ஆக்கியவர்களையும் சுமந்தவர்களையும் அது காக்கவில்லை. மன்னர் பெயர்களைவிட இவ்வுண்மையை நீங்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஆனால் வாழ்க்கையை மதிலால் பிரித்துவைக்க இயலுமோ? ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே சென்று வழிபட்டார். அவர் சென்ற வழி இம்மதிலைக் கடந்தே சென்றிருத்தல் வேண்டும். 1829-இல் இராயபுரத்தில் புனித இராயப்பர் ஆலயம் எழுந்தது. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் வண்டி, மதிலுக்கு வெளியே உயர்ந்த தூண்களோடு கட்டப்பட்ட இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டது. நகரம் மதிலைத் தாண்டி வளர்ந்தது. எந்தப் பெரும் முற்றுகையையும் சந்திக்காமலே மதில் பயனற்றுப் போயிற்று, பெரும்பகுதி இடிக்கப்பட்டது.

எஞ்சிய துண்டின் மேல் 1957-இல் மாநகராட்சி ஒரு பூங்காவை அமைத்தது. மக்கள் அதனை மாடிப் பூங்கா என்றனர். கீழே நின்று நோக்கினால், சுண்ணாம்புச் சாந்தில் பதித்த செங்கற்களையும், பீரங்கிக் குண்டுகளைத் தாங்குவதற்காக அமைத்த தடித்த சுவரையும் காணலாம். அதே தெருவில், பழைய சிறை இருந்த இடத்தில் 1964-இல் மகளிர் கல்லூரி தொடங்கப்பெற்றது. அது பாரதியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொத்தளம் பூங்காவாயிற்று, சிறை கல்விக்கூடமாயிற்று. ஒரு தெரு இதனினும் சிறந்த மாற்றத்தை அடைதல் அரிது.

ஆயினும் பழஞ்சுவரைப் புயலும் மழையும் மட்டும் அழிப்பதில்லை. அதன் மதிப்பறியாத மக்களும் அழிக்கின்றனர். பிளவில் வேரூன்றிய ஆலங்கன்றும், ஓரத்தில் கொட்டிய குப்பையும் பீரங்கி செய்யாததைச் செய்துவிடும். சட்டம் காவல் செய்யலாம். ஆனால் அறிந்தவர் கண்ணே முதற் காவல். அடுத்த விடுமுறையில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து அத்தெருவில் நடந்து செல்லுங்கள். பெயர்ப்பலகைகளைப் படியுங்கள், முதியோரிடம் கேளுங்கள், கண்டதைக் குறித்து வையுங்கள். நாம் நாள்தோறும் மிதித்துச் செல்லும் தெருவும் ஒரு வரலாற்று நூலே என்பதை அப்போது உணர்வீர்கள்.