நூலகர் எடுத்துக் கொடுக்கும் நூல்



கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் பெருவீதியில், கம்பளையைக் கடந்து மலையேறும்போது எதிர்ப்படும் சிறுநகரம் புசல்லாவை. அதனைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களுள் ஒன்றின் லயத்திலே பிறந்தவன் நான். இன்று அரசாங்கப் பாடசாலை ஒன்றின் அதிபர். 'எந்த வயதினர் எந்த நூலைப் படிக்கலாம்?' என்று பெற்றோர் பலர் என்னிடம் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடைகூறத் தகுதி மிக்கவர் நூலகத்தில் நின்று நூல்களை எடுத்துக் கொடுப்பவரே. இந்த உண்மையை இளமையிலே கற்றுக்கொண்டேன்; பின்னர் அதனை மறந்து பிழையும் செய்தேன். இரண்டையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

1980களின் தொடக்கத்தில், பன்னிரண்டு வயதுச் சிறுவனாக நூலகம் ஒன்றின் வாயிலில் தயங்கி நின்றேன். அங்கே பணியாற்றிய பெரியவர் ஒருவர், 'என்ன புத்தகம் வேண்டும்?' என்று கேட்கவில்லை. 'அம்மா என்ன வேலை செய்கிறார், தம்பி?' என்றுதான் கேட்டார். 'கொழுந்து எடுக்கிறாங்க' என்றேன். உள்ளே சென்று, என். எஸ். எம். இராமையா எழுதி 1980 இல் வெளிவந்த 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற சிறுகதைத் தொகுதியைக் கொண்டுவந்து தந்தார். 'இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. எழுதியவர் சொல்வது சரிதானா என்று கேட்டுவந்து எனக்குச் சொல்' என்றார்.

என் அன்னையார் எழுத்தறியாதவர். அன்றிரவு குப்பிவிளக்கின் அருகிலிருந்து ஒரு கதையை வாசித்தேன். முடிந்தபின் அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, 'நம்மளப் பத்தியெல்லாமா புத்தகத்துல எழுதுறாங்க?' என்றார். பெயர்ப்பதிவிலும் செக்ரோலிலும் மட்டுமே தம் பெயரைக் கண்டிருந்த ஒரு தலைமுறையின் வியப்பு அந்த ஒரு வினாவில் இருந்தது. நான் பட்டதாரியானதற்கும் ஆசிரியனானதற்கும் தொடக்கம் அந்த இரவே.

சீர்காழியிலே 1892 இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், கணித ஆசிரியராயிருந்து 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931 இல் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்படுத்துவதற்கு உரியவை என்பதும், ஒவ்வொருவருக்கும் உரிய நூல் ஒன்று உண்டு என்பதும் அவற்றின் அடிப்படைக் கருத்துகள். எனக்கு நூல் தந்த பெரியவர் அவ்விதிகளைப் படித்திருந்தாரோ இல்லையோ, அவற்றின்படியே நடந்தார்.

ஆனால் நான் அவ்வாறு நடக்கவில்லை. இளம் ஆசிரியனாக ஒரு பாடசாலையில் நூலகப் பொறுப்பை ஏற்றேன். நூலொன்று காணாமற்போனால் கணக்கெடுப்பின்போது பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தால் அலுமாரியைப் பூட்டிச் சாவியை என் பையிலே வைத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கதைப்புத்தகம் கேட்டு இருமுறை வந்தாள். 'பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்' என்றேன். பரீட்சைக்கு முன்பே அவள் கொழும்புக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டுவிட்டாள். அவ்வாண்டு கணக்கெடுப்பில் ஒரு நூலும் குறையவில்லை. சிலவற்றைக் கறையான் அரித்திருந்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததை மாணவருக்குச் சொல்லிக் கலங்கியவன் நான். அந்த நானே நூறு நூல்களை யாருக்கும் கிட்டாமற் செய்துவிட்டேன். இன்று என் பாடசாலையில் நூலக அலுமாரிக்குப் பூட்டு இல்லை.

இனி, நூலகத்தாரிடம் கற்றுக்கொண்ட முறையிலே சில நூல்களைச் சொல்கிறேன்.

சிறு குழந்தைகளுக்கு ஓசையே முதலில் வேண்டும். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் 'சிறுவர் செந்தமிழ்'ப் பாடல்களை உரக்கப் பாடிக் காட்டுங்கள். பொருள் பின்னர் தானே விளங்கும். எட்டு முதல் பன்னிரண்டு வயதினருக்கு வாண்டுமாமாவின் கதைகள் ஏற்றவை. புலமைப்பரிசில் பரீட்சைக்கு இடைஞ்சல் என்று அஞ்ச வேண்டாம். தானே விரும்பி ஒரு கதையைப் படித்து முடித்த பிள்ளைக்கு வினாத்தாளின் நீண்ட பந்தி அச்சம் தராது.

பதினைந்து வயதினருக்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நல்ல தொடக்கம். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை அது. ஐந்து பாகங்களையும் ஒருசேரக் கையில் திணிக்காமல் முதற்பாகத்தை மட்டும் கொடுங்கள். இரண்டாம் பாகத்தை அவர்களே தேடி வருவார்கள். மலையகத்து இளைஞர் அதனோடு 'ஒரு கூடைக் கொழுந்'தையும், 1964 இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' நாவலையும் படித்தல் வேண்டும். சோழநாட்டு அரசிளங்குமரர் கதை இலக்கியமாவது போலவே தம் பாட்டியின் கதையும் இலக்கியமாகும் என்பதை அவர்கள் அறிதல் இன்றியமையாதது.

முதியோருக்கு உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தைச் சொல்வேன். 1940 இல் ஆனந்த விகடனில் தொடங்கிய அத்தொடர், 1942 இல் அவர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது. ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராய் நடந்தவரின் வரலாறு அது, அத்தியாயங்களும் சிறியவை, நாளொன்றுக்கு ஒன்றாகப் படிக்கலாம். எழுத்தறியாத முதியோருக்கு, சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். 'நாங்க இப்படிப் பாடலையே' என்று பாட்டி திருத்தினால், அத்திருத்தத்தையும் குறித்து வையுங்கள்.

இந்நூல்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். கண்டி நகரிலே டி. எஸ். சேனநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் இருக்கிறது. அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்கள் 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தை நாடலாம். ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள் பலவற்றை அங்கே கட்டணமின்றிப் படிக்கலாம். பிள்ளையின் கையிலுள்ள தொலைபேசியே அதற்குப் போதும்.

பெற்றோரே, ஆசிரியர்களே, பிள்ளையிடம் நூலொன்றைக் கொடுக்குமுன் அவனுடைய நாளைப்பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். ஒரே ஒரு நூலைக் கொடுங்கள். படித்தபின் பரீட்சை வைக்க வேண்டாம். அவன் சொல்ல வந்ததைக் கேளுங்கள். நூல் கிழியலாம், தொலையவும் கூடும். தொலைந்த நூலை மீண்டும் வாங்கிவிடலாம். கொழும்புக்குப் போன அந்த மாணவிக்கு நான் கொடாத நூலை இனி எவ்வாறு கொடுப்பேன்?