இரத்தமும் உறைய வேண்டும்
(சுங்கை பூலோவில் நிகழ்த்திய உரை)

மங்கில் விழும் பால் அமிலம் சேர்த்தால் உறையும். அம்மோனியா சேர்த்தால் உறையாது. ஒருகாலத்தில் இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் விளங்கிய இவ்வூரில் இதனை நாம் விளக்க வேண்டுவதில்லை.

நம் குருதியை உறையச் செய்யும் புரதங்கள் கல்லீரலில் உருவாகத் துணைநிற்பது வைட்டமின் கே. 1943ஆம் ஆண்டுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேனிஷ் அறிஞர் ஹென்ரிக் டாம், உறைதலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தையே அதற்குப் பெயராக்கினார். வைட்டமின் இ அளவு மீறினால் இதன் பணியைத் தடுக்கும். செம்பனை எண்ணெய்ச் சமையலால் அது நேராது. வலுவுக்கென நாமே வாங்கி விழுங்கும் குளிகைகளிடத்தேதான் எச்சரிக்கை வேண்டும். பெரியவர்க்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் போதும்.

வார்பாரின் உண்போர் (எலி மருந்தாகவும் பயன்பட்ட அதே பொருள்தான்) மருத்துவரைக் கேளாமல் இக்குளிகையைத் தொடலாகாது. உளி பட்ட சிறு காயமும் நில்லாது கசியக்கூடும். ஈறில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றித் தோல் கன்றினாலோ, நாளைப் பிரட்டு முடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனை செல்லுங்கள்.