கெடு விதித்தவர்களும் பணிந்தவர்களும்



பெங்களூரின் ஓசூர் சாலையில் வந்தவர்கள் வீரசந்திராவில் டைட்டன் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தைப் பார்த்திருப்பீர்கள். தனிஷ்க் நகைக்கடைகள் அதனுடையவை. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. இன்றும் கால் பங்குக்கு மேல் டிட்கோவிடம் இருக்கிறது. ஆகவே தமிழர்களாகிய நமக்கு அவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு!

2020 அக்டோபரில் தனிஷ்க் ஒரு விளம்பரப் படம் வெளியிட்டது. இந்து மருமகளுக்கு முஸ்லிம் மாமியார் வளைகாப்பு நடத்துகிறார். உங்கள் வீட்டில் இந்தச் சடங்கு கிடையாதே என்கிறாள் மருமகள். மகளைச் சந்தோஷமாக வைத்திருக்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டே என்கிறார் மாமியார். இவ்வளவுதான் படம். இதை 'லவ் ஜிகாத்' என்றார்கள். தனிஷ்க்கைப் புறக்கணியுங்கள் என்று கூச்சலிட்டார்கள். 13-ம் தேதி படம் திரும்பப் பெறப்பட்டது. குஜராத்தின் காந்திதாம் கடைக் கதவில் மன்னிப்புக் கடிதம் தொங்கியது. விளம்பரத் தரக் கவுன்சிலோ விதிமீறல் எதுவும் இல்லை என்று சொன்னது. விதியை மீறாதவர் மன்னிப்புக் கேட்டார், மிரட்டியவர் வெற்றியோடு வீடு திரும்பினார்!

ஊழியர்களின் பாதுகாப்புக்காகத்தான் திரும்பப் பெற்றோம் என்றது நிறுவனம். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். மாதச் சம்பளத்துக்கு கவுன்டரில் நிற்கும் பிள்ளை எதற்கு அடி வாங்க வேண்டும்? ஆனால் அந்தப் பிள்ளையைக் காக்க வேண்டியது யார்? காவல்துறை அல்லவா?

காவல்துறை யார் பக்கம் நின்றது என்பதை அடுத்த ஆண்டே பார்த்தோம். 2021 அக்டோபரில் டாபரின் ஃபெம் பிளீச் விளம்பரம் வந்தது. கணவனுக்காக மனைவி நோன்பிருக்கும் கர்வா சௌத் அன்று இரண்டு பெண்கள் சல்லடை வழியே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். மத்தியப் பிரதேச உள்துறை அமைச்சர் நரோத்தம் மிஸ்ரா வழக்குப் போடுவேன் என்று எச்சரித்தார். 25-ம் தேதி டாபர் மன்னிப்புக் கேட்டு விலக்கிக்கொண்டது. சில நாட்களில் ஆடை வடிவமைப்பாளர் சப்யசாச்சியின் தாலி விளம்பரத்துக்கு அதே அமைச்சர் 24 மணி நேரக் கெடு விதித்தார். அதுவும் போயிற்று. தோழர்களே, காவல்துறையைக் கையில் வைத்திருக்கும் மந்திரியே மிரட்டினால் கடைக்காரன் எந்த ஸ்டேஷனுக்குப் போவான்? மக்களின் சகிப்பின்மையால்தான் டாபர் விளம்பரம் விலக்கப்பட்டது என்று அன்றைய உச்ச நீதிமன்ற நீதிபதி சந்திரசூட் வெளிப்படையாகவே வருந்தினார். இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின் பிடியிலிருந்து தன்பாலின உறவை 2018-ல் விடுவித்த அமர்வில் இருந்தவர் அவர்.

இதே பெங்களூரின் மிந்த்ரா, 2015-ல், அந்தப் பிரிவு அமலில் இருந்தபோதே, சேர்ந்து வாழும் இரு பெண்களைத் தன் விளம்பரத்தில் காட்டியது. சட்டம் எதிராக இருந்தபோது வந்த துணிச்சல், சட்டம் துணைக்கு வந்தபிறகு எங்கே போனது?

எல்லாம் வியாபாரத்துக்குத்தானே என்கிறார்கள். ஆமாம், வியாபாரம்தான். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகளைக் காட்டி இத்தனை காலம் சோப்பும் டூத்பேஸ்ட்டும் விற்றது என்ன, தர்மமா? பிடிக்காவிட்டால் வாங்காதே. அது உன் உரிமை. ஊழியரைப் பயமுறுத்திக் கதவில் கடிதம் தொங்கவிடுவது யாருடைய உரிமையும் அல்ல!

கேரளத்தின் பீமா நகைக்கடை 2021 ஏப்ரலில் ஒரு திருநங்கையை மணமகளாக்கிப் படம் எடுத்தது. பின்வாங்கவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று சொல்லிவிட்டது. இந்த எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரே வாடகை வீட்டில் வாழும் இரண்டு பெண்களுக்கு, டிவியில் தங்களைப் போன்றவர்களைப் பார்க்கும் அந்த அரை நிமிடம் எவ்வளவு பெரிது தெரியுமா? அதைத்தான் ஒரே நாளில் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

நிறுவனங்களுக்குச் சொல்கிறேன். அடுத்த தீபாவளிக்கும் படம் எடுங்கள். மிரட்டல் வந்தால் மிரட்டியவர் மீது புகார் கொடுங்கள். புகார் எழுத வழக்கறிஞர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். கடை ஊழியர் தனியாக நிற்கிறார் என்று ஒரு தகவல் சொல்லுங்கள், அவரோடு வாசலில் நிற்க நாங்கள் வருகிறோம்!