ஒரு பெயர், இரண்டு அளவு



சென்ற ஆண்டு ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரோட்டத்தை நாள் முழுதும் படம் பிடித்தேன். படங்கள் யாவும் சேர்ந்து 61 ஜிகாபைட் என்று என் விண்டோஸ் கணினி காட்டியது. வெளியூரிலுள்ள தமக்கையாருக்கு அவற்றை அனுப்ப எண்ணி, இராசபாளையம் சென்று, 64 ஜிகாபைட் என்று பொறித்த பென் டிரைவ் ஒன்றை வாங்கி வந்தேன். அறுபத்தொன்று அறுபத்து நான்கினுள் அடங்காதா? அடங்கவில்லை. கணினியில் செருகினால், அதன் கொள்ளளவு 59.6 என்றே தெரிந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன். மறுநாளே பேருந்தேறிச் சென்று, பலர் முன்னிலையில் அவரைக் கடிந்து பேசினேன். அவர் சினம் கொள்ளவில்லை. தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கணினி அறிந்த இலக்கங்கள் இரண்டே: 0, 1. அவற்றுள் ஒன்று நிற்கும் இடம் ஒரு பிட். எட்டுப் படி ஒரு மரக்கால் என்று நம் முன்னோர் அளந்ததுபோல, எட்டு பிட் ஒரு பைட் ஆகும். இதுவரை ஐயமில்லை. கிலோபைட் என்னும்போதுதான் வழி இரண்டாகப் பிரிகிறது. மெட்ரிக் முறையில் கிலோ என்றால் ஆயிரம். கணினியோ இரண்டிரண்டாய்ப் பெருக்கும் இயல்புடையது. பத்து இரண்டுகளைப் பெருக்கினால் 1,024 வரும். ஆயிரத்துக்கு அருகில் இருந்தமையால் அதனையும் கிலோ என்றே அழைத்துவிட்டனர். கிலோவில் வேறுபாடு நூற்றுக்கு 2.4 தான். மேலே செல்லச் செல்ல அது வளர்கிறது: மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் ஏறத்தாழ 10.

பென் டிரைவ் செய்வோர் ஆயிரத்தால் எண்ணுகின்றனர். அவர்களுடைய 64 ஜிகாபைட் 6,400 கோடி பைட் ஆகும். விண்டோஸ் கணினியோ 107,37,41,824 பைட்டுகளை ஒரு ஜிகாபைட் என்கிறது. வகுத்துப் பாருங்கள், 59.6 வரும். என் படங்களோ ஏறத்தாழ 6,550 கோடி பைட். எவ்வாறு அடங்கும்?

இத்தகைய மயக்கம் நம் நாட்டுக்குப் புதிதன்று. முன்பு ரூபாய்க்கு 64 பைசா. 1957 ஏப்ரல் முதல் நாள் அது 100 பைசா ஆயிற்று. பழையதும் புதியதும் குழம்பாதிருக்க, 1964 வரை புதியதனை நயா பைசா என்றே அரசு வழங்கியது. கணினி உலகமும் அவ்வாறே செய்தது. 1998ஆம் ஆண்டு சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம், 1,024ஆல் பெருகும் அளவுகளுக்குக் கிபிபைட், மெபிபைட் முதலிய தனிப் பெயர்களைச் சூட்டியது. ஆயினும் கடைத்தெருவில் அப்பெயர்கள் இன்னும் பரவவில்லை.

ஆகவே, இரண்டு அளவுகளை ஒப்பிடுமுன் இரண்டையும் பைட்டுகளாக மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு பேசுங்கள். நான் பேசிய பிறகே கணக்கைக் கற்றேன். பலர் முன் சொன்ன சொல்லைப் பலர் முன்னிலையிலேயே திரும்பப் பெற்று, அக்கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். 128 ஜிகாபைட் கொள்ளும் பென் டிரைவையும் அவரிடமே வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.