வலைப்பக்கமும் தெளிவான எழுத்தும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே ஆபீசில் கோப்புகளோடு காலம் கழிப்பவர் வலைப்பக்கத்தைப் பற்றிப் பேசுவதா என்று அவையிலுள்ள கல்லூரி மாணவர்கள் எண்ணக்கூடும். வலைப்பக்கம் அமைக்கும் வித்தையை நாம் கற்றதில்லை. ஆயினும் அதைப் படிப்போருள் நாமும் ஒருவர். சமைக்கத் தெரியாதவனுக்கும் உப்புக் குறைவு தெரியுமன்றோ?

டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் அறிஞர் ஸ்விட்ஸர்லாந்து எல்லையிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வலைப்பக்கத்தில் படமும் இல்லை, வண்ண ஜாலமும் இல்லை. எழுத்தும், வேறு பக்கங்களுக்குச் செல்லும் இணைப்புகளுமே இருந்தன. செய்தியைச் சேர்ப்பிப்பதே அதன் நோக்கம். இன்றோ பல பக்கங்களில் பூவும் விளக்கும் அசைந்தாடுகின்றன. தேடி வந்த செய்தி மட்டும் கண்ணில் படுவதில்லை.

இரயில்வே கால அட்டவணையைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஜார்ஜ் பிராட்ஷா என்பவர் 1839-இல் இரயில் நேரங்களைத் தொகுத்து வெளியிட்டார். நிலையங்களை ஒரு பக்கமும் வண்டிகளை மற்றொரு பக்கமும் நிறுத்தி, கட்டத்துக்குள் நேரத்தை எழுதும் முறை இன்றளவும் நிலைத்திருக்கிறது. அதில் அலங்காரச் சொல் ஒன்றும் கிடையாது. ஆயினும் ஊருக்குப் போகிறவனுக்கு அதைவிட இனிய நூல் உண்டோ?

அந்த அட்டவணையிலும் இடறும் இடம் ஒன்று உண்டு. இரயில்வேயில் நாள் நள்ளிரவில் பிறக்கிறது. நம் வீடுகளிலோ விடியற்காலையில்தான் பிறக்கிறது. 15-ஆம் தேதி 00.10 மணிக்கு வண்டி என்றால், 14-ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடிந்தவுடனே நிலையத்தில் இருக்க வேண்டும். இதை உணராமல் 15-ஆம் தேதி இரவு மூட்டை முடிச்சுகளோடு வந்து நிற்கும் குடும்பங்கள் உண்டு. சீட்டில் பிழையில்லை, படிப்போரின் மனக்கணக்கை எண்ணிப் பார்த்து எழுதவில்லை, அவ்வளவே. '14-ஆம் தேதி திங்கள் இரவு 12 மணி கடந்து 10 நிமிடம்' என்று ஒரு வரி சேர்த்தால், ஒரு கலியாணத்துக்குப் போகும் பயணம் கெடாது.

சுருக்கெழுத்துகளும் அவ்வாறே. ஆர்.ஏ.சி. என்று கண்டவுடன் இடமில்லை என்று கலங்குவோர் உளர். அந்தச் சீட்டோடு வண்டியில் ஏறலாம்; உட்கார இடம் உண்டு. பட்டியல் தயாரான பின்னரும் எல்லோர் பெயரும் காத்திருப்போர் வரிசையிலேயே இருந்தால், இணையவழிச் சீட்டு தானே ரத்தாகிவிடும். இவ்விரண்டு வேற்றுமையையும் இரண்டு எளிய வாக்கியங்களில் விளக்கிவிடலாம்.

நம் சங்கத்துக்கு வருவோம். தமிழ் வகுப்பு, பொங்கல் விழா, இரத்தம் தேவை என்னும் வேண்டுகோள், ஒருவர் மறைந்த செய்தி ஆகிய யாவும் இன்று கைப்பேசி வழியாகவே வீடுகளை எட்டுகின்றன. இவற்றைப் படமாக்கி அனுப்பும் வழக்கம் பெருகிவிட்டது. பார்வையிழந்தோர்க்கு எழுத்தை வாசித்துக் காட்டும் கருவிக்குப் படத்திலுள்ள எழுத்து பெரும்பாலும் எட்டுவதில்லை. முதியோர் எழுத்தைப் பெரிதாக்கினாலும் படம் மங்கிவிடுகிறது. ஆகவே செய்தியை எழுத்தாகவே அனுப்புக. இன்ன நாள், இன்ன கிழமை, இன்ன நேரம், இன்ன இடம் என்பன முதல் வரியிலேயே வருக. வாழ்த்தும் வருணனையும் பின்னர் வரட்டும்.

எழுத்துருவிலும் கருத்து வேண்டும். முற்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனி முறையில் அமைந்திருந்தது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். உலகப் பொதுவான யூனிகோட் முறையில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. சென்னையில் 1999-இல் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. பழைய எழுத்துருக்களில் உறங்கும் நம் மலர்க் கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றுவது இளைஞர்கள் ஏற்கத்தக்க நற்பணி.

மொழிபெயர்க்கும் கருவிகளும் வந்துள்ளன. பயன்படுத்துக, கண்ணை மூடிக்கொண்டு நம்பற்க. ஆங்கிலத்தில் 'டிரெயின்' என்னும் சொல் இரயிலையும் குறிக்கும், பயிற்சி அளிப்பதையும் குறிக்கும். கருவி தடுமாறினால் நடைமேடையிலிருந்து பயிற்சி புறப்பட்டுவிடும்!

தெளிவு என்பது மேனாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கன்று. குறைத்துச் சொல்வதையும், மிகையாகச் சொல்வதையும், முன்னுக்குப்பின் முரணாகச் சொல்வதையும் குற்றங்கள் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துள்ளார். வலைப்பக்கம் எழுதுவோர்க்கும் அவ்விலக்கணமே போதும்.

அன்பர்களே, நம் பிள்ளைகள் பள்ளியிலும் வீதியிலும் பிற மொழிகளையே காண்கின்றனர். பலர்க்கு அன்றாடம் கண்ணில் படும் தமிழ் இச்சங்கம் அனுப்பும் நாலு வரியே. அது குழப்பமாயிருந்தால் தமிழே கடினமென்று ஒதுக்குவர். தெளிவாயிருந்தால் அடுத்த வரியையும் படிப்பர். அனுப்புமுன் வீட்டுப் பாட்டியிடமும் பத்து வயதுப் பிள்ளையிடமும் ஒருமுறை வாசித்துக் காட்டுவோம். இருவர்க்கும் விளங்கினால் ஊருக்கே விளங்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!